வாடகைக்கு மாதம் 300 பவுண்ட் குறைகிறது: கவுன்சிலிடம் வாடகை உதவி (டிஎச்பி) கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

முற்றத்துமல்லிகை | 9 நவம்பர் 2024

வணக்கம் உறவுகளே. லண்டனின் வெளிப்பக்கத்தில் ஒரு தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். கணவருக்கு வெயார்ஹவுசில் வேலை. செப்டம்பரில் முதுகில் ஒப்பரேஷன் செய்தார்கள். ஏப்ரல் வரை பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் எழுதித் தந்திருக்கிறார். வேலைத்தலத்தில் இப்போது வருவது சட்டப்படியான சுகவீனக் காசு மட்டும்தான், கிழமைக்கு 116.75 பவுண்ட். நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் மதிய நேரம் மட்டும் வேலை செய்கிறேன்.

வாடகை 1,750. அரசு தரும் மாத உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் போட்டு, ஐந்து கிழமை காத்திருந்து, போன மாதம்தான் முதல் காசு வந்தது. அதில் வாடகைக்கென்று 1,450தான் காட்டுகிறது. மிச்சம் 300ஐ இரண்டு மாதமாகக் கடன் வாங்கிக் கட்டினேன். மூன்றாவது மாதத்துக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. உள்ளூராட்சிக் கவுன்சிலில் தற்காலிகமாக ஏதோ தருவார்கள் என்று வேலையில் ஒரு அக்கா சொன்னார். உண்மையா? கேட்டால் விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமா? எங்களிடம் நிரந்தர வதிவிட அனுமதி இருக்கிறது.

பனங்கூடல் | 9 நவம்பர் 2024

தங்கச்சி, கேட்கலாம். கட்டாயம் கேளுங்கள். இதே கேள்வியோடு நிறையப் பேர் வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் ஒரு ஆலோசனை நிலையத்தில் சனிக்கிழமைகளில் மொழிபெயர்த்து உதவுகிறவன். சட்டத்தரணி இல்லை.

நீங்கள் கேட்பதன் பெயர் டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட், சுருக்கமாக டிஎச்பி. 2001இலிருந்து இருக்கிறது. காசு மத்திய அரசுடையது. 2024-25 நிதியாண்டில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து 10 கோடி பவுண்ட். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு, எத்தனை மாதம் என்பதெல்லாம் கவுன்சில் முடிவு. அதனால்தான் பக்கத்துக் கவுன்சிலில் ஒருவருக்குக் கிடைத்தது உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அடிப்படைத் தகுதி ஒன்றுதான். ஹவுசிங் பெனிபிட் என்ற பழைய வாடகை உதவி எடுக்க வேண்டும், அல்லது யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கான பங்கு வர வேண்டும். கவுன்சில் வரியில் மட்டும் கழிவு கிடைக்கிறவர்கள் இதைக் கேட்க முடியாது. உங்களுக்கு 1,450 வருகிறது, ஆகவே தகுதி இருக்கிறது. நிரந்தர அனுமதி இருப்பதால் விசாப் பயம் வேண்டாம். இந்தக் காசு யூனிவர்சல் கிரெடிட்டில் வருமானமாகக் கணக்கில் வராது, ஆகவே அது குறையவும் மாட்டாது.

அந்த 300 ஏன் குறைகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், போமில் (விண்ணப்பப் படிவத்தில்) எழுத உதவும். தனியார் வீட்டுக்கு அரசு தரும் வாடகைக்கு லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்று ஒரு உச்ச அளவு உண்டு. உங்கள் பகுதி வாடகைகளைச் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசைப்படுத்தினால், நூறில் முப்பதாவது இடத்தில் நிற்கும் வாடகைதான் கணக்கு. 2020இலிருந்து அதை அசையாமல் வைத்திருந்துவிட்டு, 2024 ஏப்ரலில்தான் உயர்த்தினார்கள். இந்த நாட்களில் லண்டனில் வீடு தேடுகிற ஒருவருக்கு அந்த முப்பதாவது வீடு எங்கே அகப்படும்? இது உங்கள் பிழை இல்லை.

அப்புறம் போம். எல்லாக் கவுன்சில்களின் இணையத்தளத்திலும் இருக்கும். மூன்று மாத வங்கிக் கூற்று, வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் (ஜேர்னல்) இருக்கும் மாதக் கணக்கு, டொக்டரின் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். போமில் 'ஏன் இந்த உதவி தேவை' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். 'வாடகை கூட, கட்ட முடியவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். வாசிக்கிற அதிகாரிக்கு அது போதாது. இந்தக் கஷ்டம் எப்போது தொடங்கியது, எப்போது முடியும், முடியும்வரை எவ்வளவு குறைகிறது, அதற்குள் நீங்கள் என்ன செய்கிறீர்கள், இந்த நான்கையும் எழுதுங்கள். பெட்டி போதாவிட்டால் தனித்தாளில் கடிதமாக எழுதி இணையுங்கள். உங்கள் விஷயத்தில் முடிவுத் திகதி டொக்டரின் கடிதத்திலேயே இருக்கிறது. ஏப்ரல். அதுதான் உங்கள் பலம்.

தென்றல்74 | 10 நவம்பர் 2024

மகள், குறை நினைக்க வேண்டாம். நான் 1989இல் வந்தவன். பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை, பகலில் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவல். அரசாங்கத்திடம் ஒரு சதம் கேட்டதில்லை. கவுன்சிலுக்குப் போய்க் கை நீட்டுவதற்கு முன் சின்ன வீடாகப் பார்த்து மாறலாமே? பெனிபிட் என்று பெயர் எடுத்தால் சனம் என்ன கதைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மழைத்துளி | 10 நவம்பர் 2024

ஐயா, உங்கள் உழைப்புக்கு மரியாதை. ஆனால் சின்ன வீட்டுக்கு மாற முன்பணம் வேண்டும், முதல் மாத வாடகை வேண்டும், வான் பிடிக்க வேண்டும். முதுகில் தையலோடு கட்டிலில் கிடக்கிற மனிதரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எந்த வீட்டுக்கு மாறுவது?

என் கதையைச் சொல்கிறேன். மூன்று பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன். எனக்குக் குறைந்தது வேறு காரணத்தால், பெனிபிட் கப் என்கிற உச்சவரம்பு. லண்டனில் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 25,323 பவுண்டுக்கு மேல் தரமாட்டார்கள். கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயது, வேலைக்குப் போக வழியில்லை. டிஎச்பி ஆறு மாதம் தந்தார்கள். அது அந்த உச்சவரம்புக்குள் எண்ணப்படாது என்பது எனக்குப் பெரிய நிம்மதி. அந்த ஆறு மாதத்தில் நர்சரி இடம் கிடைத்து, ஒரு கடையில் வேலை எடுத்தேன். மாதச் சம்பளம் 793 பவுண்டை (2024 அளவு) தாண்டினால் உச்சவரம்பே நீங்கிவிடும் என்று அப்போதுதான் அறிந்தேன். கைநீட்டியது என்று யாரும் சொன்னால் சொல்லட்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறாமல் படித்தார்கள்.

தென்றல்74 | 10 நவம்பர் 2024

மகள், நீங்கள் சொல்வதும் சரிதான். எங்கள் காலத்தில் ஒரு அறையில் ஆறு பேர் இருந்தோம், பிள்ளைகள் இல்லை. அதை வைத்து இன்றைக்கு ஒரு குடும்பத்தை அளக்கக் கூடாது. கேட்டு வாங்குங்கள்.

கடலோரம் | 12 நவம்பர் 2024

நான் பிரான்சிலிருந்து 2016இல் பிள்ளைகளின் இங்கிலிஷ் படிப்புக்காக வந்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை. எனக்கும் கேட்கலாமா? இன்னொன்று. ஊரில் என் பெயரில் சீதனக் காணி இருக்கிறது, கையில் நகை இருக்கிறது. இவற்றைப் போமில் காட்ட வேண்டுமா?

பனங்கூடல் | 12 நவம்பர் 2024

அக்கா, ஐரோப்பிய ஒன்றியக் குடியமர்வுத் திட்டத்தில் உங்களுக்கு செற்றில்ட் ஸ்டேட்டஸ் (நிரந்தரமாக இருக்கும் உரிமை) வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால் சிக்கல் இல்லை. பிறீ-செற்றில்ட் (தற்காலிக அனுமதி) மட்டும் இருந்தால் வேலை செய்வது போன்ற வேறு ஒரு வதிவிட உரிமையும் காட்ட வேண்டிவரும். அப்படியானால் தனியாகப் போம் நிரப்பாமல் சிற்றிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவச ஆலோசனை நிலையத்தில் காட்டிவிட்டுப் போடுங்கள்.

காணி, நகை விஷயத்தை எல்லோரும் கவனமாக வாசியுங்கள். உடுத்துப் போடுகிற நகை, தாலிக்கொடி எல்லாம் சொந்தப் பாவனைப் பொருள். யூனிவர்சல் கிரெடிட்டில் அது சொத்தாகக் கணக்கில் வராது. காணி அப்படியல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் உங்கள் பெயரில் இருந்தால் அது சொத்து, மறைக்கக் கூடாது. சேமிப்பும் சொத்தும் சேர்ந்து 16,000 பவுண்டைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட்டே கிடைக்காது, 6,000இலிருந்தே குறையத் தொடங்கும். காணியின் பெறுமதி, அதில் யார் இருக்கிறார்கள், விற்க முடியுமா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். 'ஊர்க் காணி இவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது' என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் பிடிபட்டால் வாங்கிய காசு முழுக்கத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். முதலில் ஆலோசனை எடுத்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்.

சோழமண்டலம் | 13 நவம்பர் 2024

நான் கோயம்புத்தூரிலிருந்து வேலை விசாவில் வந்திருக்கிறேன். மனைவியும் குழந்தையும் டிபெண்டன்ட் விசாவில் இருக்கிறார்கள். எங்களுக்கும் வாடகை ரொம்ப அதிகம். நாங்கள் அப்ளை பண்ணலாமா அண்ணா?

பனங்கூடல் | 13 நவம்பர் 2024

தம்பி, வேண்டாம். உங்கள் விசாவில் 'பொது நிதி எடுக்கக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். யூனிவர்சல் கிரெடிட்டும் ஹவுசிங் பெனிபிட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவை இல்லாமல் டிஎச்பியும் இல்லை. தெரியாமல் போட்டாலும் விசா நீட்டிக்கும்போது கேள்வி வரலாம். குழந்தையோடு வீடிழக்கும் நிலை வந்தால் மட்டும் கவுன்சிலின் சிறுவர் சேவைக்கு வேறு கடமை உண்டு, அது தனி வழி. அப்போது இங்கே எழுதுங்கள்.

முற்றத்துமல்லிகை | 2 டிசம்பர் 2024

உறவுகளே, பதில் வந்துவிட்டது. மறுத்துவிட்டார்கள்.

நவம்பர் 14 இரவு போம் போட்டேன். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, அவள்தான் பக்கத்தில் இருந்து இங்கிலிஷ் பார்த்தாள். வங்கிக் கூற்றை அச்செடுத்து, மஞ்சள் பேனையால் வாடகையைக் கோடிட்டு அனுப்பினோம். வரவு செலவு எழுதும்போது 'அம்மா, இந்த 200 என்ன, ஒவ்வொரு மாதமும் போகிறதே' என்று கேட்டாள். சீட்டுக் காசு என்றேன். 'இதை இங்கிலிஷில் என்ன எழுதுவது?' என்றாள். 'சேவிங்ஸ்' என்று எழுதினோம். இங்கேதான் பிழை விட்டுவிட்டோம் போல.

எங்கள் கணக்கில் மாதம் 225 பவுண்ட் குறைந்தது. அவர்கள் சீட்டு 200, அம்மாவுக்கு ஊருக்கு அனுப்பும் மருந்துக் காசு 60, இரண்டையும் 'அத்தியாவசியம் இல்லை' என்று வெட்டிவிட்டு, உங்களுக்கு மாதம் 35 பவுண்ட் மிச்சம் வருகிறது, ஆகவே உதவி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். கடிதத்தை மகளே வாசித்துச் சொன்னாள். வாசித்து முடித்துவிட்டு, பிழையாக எழுதியது நான்தானே அம்மா என்று அழுதாள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

பனங்கூடல் | 2 டிசம்பர் 2024

தங்கச்சி, மகளிடம் முதலில் சொல்லுங்கள், அவள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. இனி அவளை வைத்துப் போம் நிரப்ப வேண்டாம். கவுன்சிலிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், உங்களிடம் காசு கேட்கமாட்டார்கள்.

டிஎச்பிக்கு நீதிமன்றத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு கிடையாது. ஆனால் முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கவுன்சிலிடமே கேட்கலாம். அநேகமான இடங்களில் ஒரு மாதம் அவகாசம். அதிலும் நியாயமாக நடக்காவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். இப்போது ஒன்று கேட்கிறேன், அந்தச் சீட்டை நீங்கள் எடுத்துவிட்டீர்களா, இன்னும் எடுக்கவில்லையா?

முற்றத்துமல்லிகை | 2 டிசம்பர் 2024

எடுத்துவிட்டேன் அண்ணா. பத்துப் பேர், மாதம் 200, ஏப்ரலில் தொடங்கியது. ஜூலையில் எனக்கு விழுந்தது, 2,000. அதைத்தான் இந்த வீட்டுக்கு முன்பணமாகக் கட்டினேன். ஜனவரியோடு முடிகிறது.

பனங்கூடல் | 3 டிசம்பர் 2024

அப்படியானால் அது சேமிப்பே இல்லை. மற்ற ஒன்பது பேரின் காசை முன்னுக்கே வாங்கி வீட்டு முன்பணத்துக்குக் கட்டிவிட்டு, இப்போது மாதாமாதம் திருப்பிக் கட்டுகிறீர்கள். அது கடன். நிறுத்தினால் இன்னும் சீட்டு எடுக்காதவர்களின் காசில் கைவைப்பது போல. 'சேவிங்ஸ்' என்று பார்த்தால் எந்த அதிகாரியும் வெட்டத்தான் செய்வார், அவருக்குச் சீட்டு என்றால் என்னவென்று தெரியாது. தாச்சியிடம், அதாவது சீட்டு நடத்துகிறவரிடம், ஒரு கடிதம் வாங்குங்கள். எத்தனை பேர், எப்போது தொடங்கியது, நீங்கள் எந்த மாதம் எவ்வளவு எடுத்தீர்கள், எப்போது முடியும், அவ்வளவும் போதும். ஜூலையில் 2,000 உள்ளே வந்து, வீட்டுக்காரருக்கு வெளியே போன வங்கிப் பக்கத்தையும் வையுங்கள்.

அம்மாவின் 60ஐப் பற்றியும் மனச்சாட்சியோடு சொல்கிறேன். ஊருக்கு அனுப்பும் காசை அநேகமாக ஏற்கமாட்டார்கள். மருந்துச் சீட்டு இருந்தால் இணைத்துக் கேளுங்கள், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் எழுதாமல் விட்ட செலவுகள் இருக்கும். எங்கள் சனம் குறைத்து எழுதித்தான் கெடுகிறது. சிக்கனமாக இருக்கிறோம் என்று காட்டினால் மதிப்பார்கள் என்று நினைக்கிறோம். குளிர்காலக் காஸ், கரண்ட் பில், கணவரை பிசியோவுக்குக் கொண்டுபோகிற செலவு, பிள்ளைகளின் சப்பாத்து, பள்ளிக்கூடச் சுற்றுலா, வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவைப் பன்னிரண்டால் பிரித்தது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுதுங்கள்.

மழைத்துளி | 3 டிசம்பர் 2024

இவர் சொன்னது முழுக்கச் சரி. நான் முதல்முறை மாதச் சாப்பாட்டுச் செலவு 150 என்று எழுதினேன். நான்கு பேருக்கு! பிறகு ஆலோசனை நிலையத்தில் இருந்த பெண்தான் என் வங்கிக் கூற்றைப் பார்த்துக் கூட்டினார். 340 வந்தது. தமிழ்க் கடையில் கையில் காசாகக் கொடுத்த மீனும் மரக்கறியும் அதில் இல்லை.

வீட்டுக்காரருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள் மல்லிகை. தெரிந்த தமிழ் ஆள் என்று வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். வாடகை நிலுவை மாதக்கணக்கில் கூடினால் அவர் கோர்ட்டுக்குப் போக வலுவான காரணம் கிடைத்துவிடும். 'கவுன்சிலில் போட்டிருக்கிறேன், மறுபரிசீலனையில் இருக்கிறது' என்று எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, இருக்கட்டும்.

கரிசல்காட்டான் | 4 டிசம்பர் 2024

மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. தாய்மாமாவின் வீட்டில் மேல்மாடியில் இருக்கிறேன். மாதம் 600 கையில் காசாகக் கொடுக்கிறேன். ஒப்பந்தம் ஒன்றும் எழுதவில்லை. கேட்கலாமா?

பனங்கூடல் | 4 டிசம்பர் 2024

முதலில் யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பங்கு கிடைக்கிறதா என்பதே கேள்வி. ஒரே வீட்டில் கூட இருக்கும் பெற்றோர், சகோதரங்கள் போன்ற நெருங்கிய உறவுக்குக் கொடுக்கும் வாடகைக்கு அது கிடைக்காது. தாய்மாமா அந்த வரையறைக்குள் வரமாட்டார். ஆனாலும் உண்மையான வாடகை என்று காட்ட வேண்டும். ஒப்பந்தம் எழுதுங்கள், வங்கி மூலம் கட்டுங்கள். உங்களுக்கு 35 வயதுக்குக் குறைவு, தனியாள் என்றால் பெரும்பாலும் ஒரு பகிர்வு அறைக்கான அளவுதான் தருவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

முற்றத்துமல்லிகை | 9 டிசம்பர் 2024

மறுபரிசீலனைக் கடிதம் இன்று போட்டுவிட்டேன். தாச்சி அக்கா தன் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதித் தந்தார். பத்துப் பேரின் பெயரை எழுதாமல் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு, நான்காவது இலக்கத்துக்கு நேரே என் பெயர், ஜூலை, 2,000. கீழே ஆலோசனை நிலையத்தில் இங்கிலிஷில் எழுதிக் கொடுத்தார்கள். விடுபட்ட செலவுகளைக் கூட்டினோம், மாதம் 130 வந்தது. அம்மாவின் காசையும் சேர்த்து, சீட்டு முடியும்வரை 355 குறைகிறது, பெப்ரவரியிலிருந்து 155 குறையும் என்று எழுதினோம். கணவர் ஏப்ரலில் வேலைக்குத் திரும்புவார் என்று வேலைத்தலத்திலிருந்தும் ஒரு மின்னஞ்சல் வாங்கினோம்.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'சரி தங்கச்சி, ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் பார்ப்பம்' என்றார்.

முற்றத்துமல்லிகை | 10 ஜனவரி 2025

கிடைத்துவிட்டது! டிசம்பருக்கும் ஜனவரிக்கும் 300 வீதம், டிசம்பர் பங்கைப் பின்னோக்கித் தருகிறார்கள். பெப்ரவரி, மார்ச்சுக்கு 150 வீதம். மொத்தம் 900. வீட்டுக்காரருக்கு நேரே போகச் சொல்லிவிட்டேன். 355 குறைந்தும் ஏன் 300தான் என்று கேட்டேன், அரசு தரும் வாடகைப் பங்கும் இதுவும் சேர்ந்து வாடகையைத் தாண்டக் கூடாதாம். அம்மாவின் 60ஐ நீங்கள் சொன்னது போலவே ஏற்கவில்லை. அதை என் தம்பி மார்ச் வரை பொறுப்பெடுத்திருக்கிறான்.

கடிதத்தை இந்த முறை நானே அகராதி வைத்து வாசித்தேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சொன்னேன்.

பனங்கூடல் | 10 ஜனவரி 2025

நல்ல செய்தி தங்கச்சி. மார்ச் 31உடன் நிதியாண்டு முடிகிறது. கணவர் வேலைக்குப் போகப் பிந்தினால் ஏப்ரல் முதல் கிழமையிலேயே புதிதாகப் போடுங்கள், தானாக நீளாது. அவர் முன்னதாகவே வேலை தொடங்கினால் அதையும் கவுன்சிலுக்கு அறிவியுங்கள். தாச்சியின் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அனுமதி தந்தால் பெயர்களை நீக்கிவிட்டு மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவேன்.

முற்றத்துமல்லிகை | 11 ஜனவரி 2025

தாராளமாகக் காட்டுங்கள் அண்ணா. தாச்சி அக்காவும் சம்மதம் என்றார்.

பனங்கூடல் | 23 நவம்பர் 2025

இந்த இழையைப் பார்த்துவிட்டு இன்னமும் பலர் எழுதுவதால் ஒரு குறிப்பு. 2026 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் டிஎச்பியையும் கஷ்டப்படும் குடும்பங்களுக்குக் கவுன்சில் தரும் ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்டையும் சேர்த்து, கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற ஒரே நிதியாக்கப் போவதாக அரசு அறிவித்திருக்கிறது. கொடுக்கப்போவது அதே கவுன்சில்தான். பெயர் மாறும், போம் மாறும், ஆகவே பழைய இணைப்புகளை நம்பாமல் உங்கள் கவுன்சிலின் பக்கத்தையே பாருங்கள். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு ஏற்கனவே வேறு விதி. அங்கே மேலதிக அறைக்காக வெட்டப்படும் காசை டிஎச்பி மூலமே ஈடுசெய்கிறார்கள், கேட்காமல் விட்டுவிடாதீர்கள். தாச்சிக் கடிதத்தின் மாதிரி வேண்டுமானவர்கள் தனிமடலில் கேளுங்கள், தமிழிலும் இங்கிலிஷிலும் அனுப்புகிறேன்.